சுமந்து வந்தவர்களின் பெயர்கள்

கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பிளான்டயர் வந்துவிடுகிறது. வழியெல்லாம் தொழிற்கூடங்கள், வீடுகளின் பின்புறங்கள், பிறகு மரங்கள். என்னை இந்தச் சிற்றூருக்கு வரவழைத்தது ஒரு பழைய செய்தித்தாள்.

1869 நவம்பர் 24 தேதியிட்ட ‘தி ஸ்டாண்டர்டு’ என்ற லண்டன் நாளிதழ் அது. எப்படியோ ஆப்பிரிக்காவின் நடுப்பகுதிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. 1871இல் ஸ்காட்லாந்து மிஷனரியும் ஆய்வுப்பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டன் காங்கோ ஆற்றின் மேல்பகுதியான லுவாலாபாவின் கரையில் இருந்தபோது அவரிடம் எழுதத் தாளும் இல்லை, மையும் இல்லை. நாளிதழைக் குறுக்காகத் திருப்பி, அச்சு வரிகளின் மேலேயே நாட்குறிப்பு எழுதினார். அந்த வட்டாரத்து மக்கள் துணிக்குச் சாயமேற்றும் விதையைப் பிழிந்து வந்த சாறுதான் மை. நூற்று நாற்பது ஆண்டுகளில் அந்தச் சாயம் வெளிறிப்போனது. அச்செழுத்து மட்டும் அப்படியே நின்றது. எழுதியவர் மறைந்து, எழுத்தும் மறைந்து, விளம்பரங்களும் வழக்குச் செய்திகளும் மிஞ்சிய அந்தத் தாள்களின் படங்களை இணையத்தில் பார்த்த நாளிலிருந்து, இந்த மனிதரின் காகிதங்கள் எப்படிப் பிழைத்தன என்ற கேள்வி என்னை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் உள்ளே போன வெள்ளைக்காரர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேரின் குறிப்புகள் காய்ச்சலிலும் மழையிலும் கரையானிலும் போயிருக்கும். இவருடையவை மட்டும் ஏன் இவ்வளவு மிஞ்சின?

நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கிளைடு ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில், சுண்ணாம்பு பூசிய மூன்றுமாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. முன்புறம் இரண்டு உருளைக் கோபுரங்கள் பிதுங்கி நிற்கின்றன, அவைதான் மாடிப்படிகள். பெயர் ஷட்டில் ரோ. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக ஆலை முதலாளி கட்டிய குடியிருப்பு. கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபத்து நான்கு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. லிவிங்ஸ்டன் 1813 மார்ச் 19 அன்று அப்படி ஓர் அறையில் பிறந்தார். பெற்றோர் பெற்ற ஏழு பேரில் ஐந்து பேர் பிழைத்தார்கள். அத்தனை பேரும் அந்த ஒரே அறையில்தான் சமைத்தார்கள், படித்தார்கள், ஜெபித்தார்கள், தூங்கினார்கள். சுவருக்குள் அலமாரிபோல் குடைந்த கட்டில்கள் இருக்கின்றன. அறையின் நடுவில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். ஏழு பேர் இங்கே எப்படிப் புரண்டு படுத்திருப்பார்கள் என்று கணக்குப் போடவே முடியவில்லை.

பத்து வயதில் ஆலைக்குள் போனார். வேலை, பீசிங். நூற்பு எந்திரத்தில் அறுந்த இழையைத் தேடி முறுக்கி ஒட்டுவது. எந்திரத்தின் அடியில் தவழ்ந்தும் மேலே எட்டியும் செய்ய வேண்டிய வேலை என்பதால் குழந்தைகளையே வைத்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டுவரை. முதல் வாரக் கூலியில் ஒரு பங்கை எடுத்து லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார் என்பதும், எந்திரத்தின் சட்டத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கடந்து போகும்போதெல்லாம் ஒரு வாக்கியம் படித்தார் என்பதும் அவரே எழுதி வைத்தவை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டு, பதினான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஆலை நடத்திய இரவுப் பள்ளிக்கும் போய்விட்டு இங்கே திரும்பியவன் பத்து வயதுப் பையன் என்று நினைக்கும்போது கதை மறுபடி கனக்கிறது.

அந்த ஆலையைத் தொடங்கியவர்கள் டேவிட் டேலும் ஜேம்ஸ் மான்டீத்தும், 1785இல். லிவிங்ஸ்டன் ஒட்டிய இழைகளின் பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஸ்காட்லாந்து இப்போது தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறது. அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியப் பஞ்சு இங்கே நூலானது. கிளாஸ்கோ மாநகராட்சி 2022இல் வெளியிட்ட அடிமை வணிக ஆய்வறிக்கை, நகரத்தில் லிவிங்ஸ்டனுக்கு இருக்கும் சிலையைக்கூட அந்தக் காரணத்துக்காகக் குறிப்பிட்டது. அடிமை வணிகத்தை எதிர்த்தே ஆயுளைக் கழித்த ஒருவரையா என்று சிலர் கொதித்தார்கள். பத்து வயதுக் கூலிச் சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பஞ்சைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த ஆலை இன்று இல்லை, 1904இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. ஷட்டில் ரோவும் அந்த வழியே போகவேண்டியது. பொதுமக்கள் பணம் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1929இல் நினைவில்லமாகத் திறந்தது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2021இல் மறுபடி கதவு திறந்தது.

வெளியே புல்வெளியில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது: சிங்கம் ஒரு மனிதனைக் கீழே தள்ளிப் பிடித்திருக்கிறது. வடிவமைத்தவர் ரே ஹாரிஹவுசன், திரைப்படங்களில் எலும்புக்கூடுகளையும் பூதங்களையும் அசையவைத்த அதே கலைஞர். அவருடைய மனைவி லிவிங்ஸ்டனின் வழிவந்தவர். சம்பவம் 1844இல் தென்னாப்பிரிக்காவின் மபோட்சாவில் நடந்தது. லிவிங்ஸ்டன் சுட்டார், குண்டு பட்டும் சாகாத சிங்கம் பாய்ந்து இடது தோளைக் கவ்வியது. மெபால்வே என்ற உள்ளூர் ஊழியர் துப்பாக்கியைத் தூக்கியதால் அது அவரை விட்டு மெபால்வே மேல் பாய்ந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை, கை கடைசிவரை முழுதாக உயரவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது லிவிங்ஸ்டன்தானா என்று அறுவை மருத்துவர் சர் வில்லியம் ஃபெர்கசன் பார்த்தபோது, முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாத நிலையில், அந்த இடது மேற்கை எலும்பின் பழைய முறிவுதான் சாட்சி சொன்னது. சிங்கத்தின் பல் அடையாள அட்டையாக ஆன கதை அது. மெபால்வே தூக்கிய துப்பாக்கி இல்லையென்றால் அந்த அட்டைக்கே தேவை இருந்திருக்காது.

உள்ளே, மங்கிய வெளிச்சத்தில், பில்கிங்டன் ஜாக்சன் செதுக்கிய காட்சிச் சிற்பங்கள். 1920களில் நாயகனை எப்படிப் பார்த்தார்களோ அப்படி. நடுவில் அவர், சுற்றிலும் மற்றவர்கள். புதுப்பித்தவர்கள் அவற்றை அப்புறப்படுத்தவில்லை. அவற்றோடு, சுற்றிலும் நின்றவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல முனைந்திருக்கிறார்கள். சூமா, சூசி, ஜேக்கப் வெய்ன்ரைட், ஹலிமா. எனக்கு வேண்டியிருந்ததும் இந்த நான்கு பெயர்கள்தான்.

நாளிதழ் நாட்குறிப்புக்கு வருகிறேன். 2010-11இல் ஆய்வாளர்களும் படமெடுக்கும் விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்தத் தாள்களைப் புற ஊதாக் கதிரிலிருந்து அகச்சிவப்புவரை வெவ்வேறு அலைநீள ஒளியில் படம்பிடித்தார்கள். அச்சு மை கரியால் ஆனது, எந்த ஒளியிலும் கறுப்பாகவே தெரியும். விதைச் சாயம் அப்படியல்ல, சில ஒளியில் தெரியும், அகச்சிவப்பில் காணாமல்போகும். இரண்டு படங்களையும் கணினியில் பொருத்திக் கழித்தால் அச்சு பின்வாங்கி, கையெழுத்து முன்னால் வருகிறது. சாய்ந்த, அவசரமான, இடத்துக்குத் தவித்து ஓரங்களில் நெருக்கும் எழுத்து. அந்தப் படங்களில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, ஒரு வரியின் கடைசியில் சாயம் தீர்ந்து எழுதுகோல் வறண்டு கீறியிருக்கும் இடம்கூடத் தெரிந்தது.

அப்படி மீண்டு வந்த பக்கங்களில் 1871 ஜூலை 15 இருக்கிறது. லுவாலாபா கரையிலிருந்த நியாங்வேயில் சந்தை நாள். ஆற்றங்கரையில் ஆயிரத்து ஐந்நூறு பேர், பெரும்பாலும் பெண்கள், கூடியிருந்தார்கள் என்று லிவிங்ஸ்டன் மதிப்பிட்டார். ஒரு கோழிக்குப் பேரம் பேசியதில் தொடங்கிய சச்சரவு, அடிமை வணிகர்களின் ஆட்கள் துப்பாக்கியால் கூட்டத்தைச் சுடுவதில் முடிந்தது. படகுகளுக்கு ஓடியவர்கள் நெரிசலில் ஆற்றில் குதித்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாக நீரில் மூழ்குவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். முந்நூறுக்கு மேல் நானூறுவரை இறந்திருக்கலாம் என்று சுட்ட தரப்பே கணக்குச் சொன்னது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவரைத் தேடிப் போய் உஜிஜி என்ற ஊரில் கண்டுபிடித்த பத்திரிகையாளர் ஸ்டான்லி, அவர் எழுதிய கடிதங்களையும் குறிப்பேட்டையும் 1872இல் வெளியே கொண்டுவந்தார். பிரிட்டனில் எழுந்த கொந்தளிப்பு, பம்பாயின் முன்னாள் கவர்னர் சர் பார்ட்டில் ஃப்ரியரைச் சான்சிபாருக்கு அனுப்பவைத்தது. 1873 ஜூன் 5 அன்று சான்சிபார் சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், அடிமைச் சந்தை மூடப்பட்டது. லிவிங்ஸ்டன் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே இறந்திருந்தார்.

நாளிதழில் எழுதியதை அவர் பிறகு நல்ல குறிப்பேட்டில் படியெடுத்தார். அதிலிருந்துதான் 1874இல் ஹோரஸ் வாலர் பதிப்பித்த கடைசி நாட்குறிப்புகள் வந்தன. மீட்டெடுத்த மூலத்தையும் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. தம்முடைய சொந்த ஆட்களின் முரட்டுத்தனத்தைப் பற்றி அவர் அன்றன்று எழுதியவற்றில் சில, படியில் மென்மையாயின, சில காணாமலே போயின. நியாங்வேயில் அந்த ஆட்களின் பங்கு என்ன என்ற சங்கடமான கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். அந்த ஆட்கள் யார் என்பது நாம் கவனிக்க வேண்டிய இடம். சான்சிபாரில் இருந்த இந்திய வணிகர்களுக்குச் சொந்தமான அடிமைகள் அவர்கள். கட்ச், குஜராத் பக்கத்திலிருந்து போன, பிரிட்டிஷ் பிரஜைகளான அந்த வணிகர்களின் முதல் இல்லாமல் உள்நாட்டு அடிமை வேட்டையும் தந்த வணிகமும் அந்த அளவில் நடந்திருக்காது. லிவிங்ஸ்டன் இதை எழுதி எழுதிக் கசந்தார். இந்தியக் கடல் வணிகத்தின் பெருமையைப் பேசும் நம் நூல்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

மூலத்தில் தெரியும் லிவிங்ஸ்டன் புத்தகத்தில் தெரிபவரைவிடக் கோபக்காரர், தடுமாறுகிறவர், தன் ஆட்களைக் கட்டுப்படுத்த முடியாதவர். எனக்கு அவர்தான் நெருக்கமாகப்படுகிறார். அவருடைய தோல்விகளின் பட்டியல் நீளம். மதம் மாற்றப் போனவரால் மாறியவர் என்று சொல்லத்தக்கவர் செச்சேலே என்ற ஒரே ஒரு தலைவர். 1858இல் தொடங்கிய சாம்பேசிப் பயணம் பெரும் பணத்தையும் உயிர்களையும் விழுங்கியது. மனைவி மேரி 1862இல் அந்த ஆற்றங்கரையில் ஷுபங்காவில் காய்ச்சலில் இறந்தார். தந்தையைத் தேடி ஆப்பிரிக்காவுக்கு வந்து அவரைச் சந்திக்க முடியாமல்போன மூத்த மகன் ராபர்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேறு பெயரில் சேர்ந்து, 1864இல் கைதிகள் முகாமில் இறந்தான். தன் பெயரால் குடும்பப் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டதாக அப்பாவுக்கு எழுதினான். பிள்ளைகளுக்குக் கொடுக்காத நேரத்தை அவர் எங்கே கொடுத்தார் என்பதற்கு இந்த அருங்காட்சியகம் முழுவதும் சாட்சி.

ராபர்ட் சாகும் அந்த 1864இல் லிவிங்ஸ்டன் இந்தியாவில் கால்வைத்தார். விற்க வேண்டிய தன் சிறிய நீராவிப் படகான ‘லேடி நியாசா’வைத் தாமே மாலுமியாக நின்று ஓட்டி, சான்சிபாரிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு மைல் கடலைக் கடந்து பம்பாய்க்கு வந்தார். கூட வந்தவர்களில் சூமாவும் சூசியும் இருந்தார்கள். 1861இல் அடிமைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கப்பட்ட சிறுவன் சூமா. ஷுபங்காவில் விறகு வெட்டக் கூலிக்குச் சேர்ந்தவர் சூசி. லிவிங்ஸ்டன் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பும்வரை சூமா பம்பாயில் மிஷன் பள்ளியில் படித்தார், சூசி பம்பாய்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். திரும்பி வந்தவர் படகை அடிமாட்டு விலைக்கு விற்றார், போட்ட பணமும் வங்கி முறிந்து போனது. நாசிக்கில் ஷரண்பூர் என்ற மிஷன் கிராமத்துக்குப் போய், அடிமைக் கப்பல்களிலிருந்து கடற்படை மீட்டு, அங்கே வளர்ந்த ஆப்பிரிக்கப் பையன்களில் ஒன்பது பேரைத் தெரிந்தெடுத்தார். 1866இல் கடைசிப் பயணம் புறப்பட்டபோது அவரோடு பம்பாய் கடற்படைப் பிரிவின் சிப்பாய்கள் பதின்மூன்று பேர், ஒட்டகங்கள், இந்திய எருமைகள் மூன்று, ஒரு எருமைக் கன்று. செட்சி ஈயின் கடியை எருமைகள் தாங்குமா என்று பார்க்க ஆசை. எருமைகளும் தாங்கவில்லை, சிப்பாய்களும் தாங்கவில்லை. விலங்குகளை வதைத்ததாகச் சொல்லிச் சிப்பாய்களைத் திருப்பி அனுப்பினார். ஏழாண்டு கழித்து அந்தக் குழுவில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். சூமாவும் சூசியும் அந்த ஐவரில் இருவர். நாசிக்கில் படித்த எட்வர்ட் கார்ட்னர் இன்னொருவர். 1872இல் ஸ்டான்லி கடற்கரையிலிருந்து அனுப்பிய ஆட்களோடு இன்னும் சில நாசிக் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த ஜேக்கப் வெய்ன்ரைட் அவர்களில் ஒருவர்.

1873 மே முதல் நாள், இன்றைய சாம்பியாவில், பாங்வெயுலு ஏரிக்குத் தெற்கே சிட்டாம்போவின் ஊரில், விடிவதற்கு முன், கட்டிலருகே மண்டியிட்ட நிலையிலேயே லிவிங்ஸ்டன் இறந்துகிடப்பதைப் பார்த்தார்கள். கடைசியாக அவர் எழுதியது நான்கு நாளைக்கு முன்பு, ஏப்ரல் 27 அன்று. பாலுக்கு ஆடு வாங்க ஆள் அனுப்பியிருப்பதாக.

இனி நடந்தது எல்லாம் அவருடைய ஆட்களின் முடிவு. கூலி கொடுக்க ஆள் இல்லை, கட்டளையிட ஆள் இல்லை. உடலை அங்கேயே புதைத்துவிட்டுக் கலைந்துபோயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் முதலில் செய்தது பெட்டிகளை எல்லார் முன்னிலையிலும் திறந்ததுதான். இறந்தவருடைய குறிப்பேட்டிலேயே வெய்ன்ரைட் பட்டியல் எழுதினார்: சில்லறைக் காசு, தொப்பி, கடிகாரம், திசைகாட்டி, அளக்கும் கருவிகள் இருந்த சிறு பெட்டிகள். பின்னாளில் ஒரு நினைவில்லமும் பல நூலகங்களும் பொத்திவைக்கப்போகும் பொருள்களுக்கு முதல் பதிவேடு அந்தக் காட்டில், நாசிக்கில் எழுதப் படித்த ஓர் இளைஞனின் கையால் உண்டானது. ஒரு பொருள்கூடக் கைமாறக் கூடாது என்பதில் இருந்த கவனத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆவணக் காப்பாளர் என்ற சொல்லுக்கு இவரைவிடத் தகுதியானவர் எனக்குத் தெரியவில்லை.

ஊர்த் தலைவர் சிட்டாம்போ அவர்களுக்கு நல்ல மனிதராக இருந்தார், முறைப்படி துக்கம் கொண்டாடவும் உதவினார். இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் ஒரு பெரிய மரத்தடியில் புதைத்தார்கள். வெய்ன்ரைட் ஜெபப் புத்தகத்திலிருந்து அடக்கச் சடங்கை வாசித்தார், மரத்தில் எழுத்தைச் செதுக்கினார். உடலில் உப்பிட்டு, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, துணி சுற்றி, உரித்தெடுத்த மரப்பட்டையின் உருளைக்குள் வைத்து, பாய்த்துணியில் தைத்து, கழியில் கட்டினார்கள். ஏறத்தாழ அறுபது பேர் புறப்பட்டார்கள். ஆயிரம் மைலுக்கு மேல். ஒன்பது மாதம்.

வழியிலிருந்த உன்யன்யெம்பே என்ற ஊரில் அவர்களைச் சந்தித்த கேமரன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இங்கேயே புதைத்துவிடலாமே என்றார். அவர்கள் மறுத்தார்கள். வழியில் பிணத்தோடு போகிறவர்களை ஊருக்குள் விடமாட்டோம் என்று எதிர்ப்பு வந்ததும் செய்த உபாயம் எனக்கு மறக்காது. உடலை அவிழ்த்து, சாதாரணத் துணிப் பொதிபோல மறுபடி கட்டினார்கள். சோளத்தட்டையைக் கட்டிப் பிணம்போல் ஒரு பொய்ச் சுமை செய்து, அதைத் தூக்கிக்கொண்டு சிலர் வந்த வழியே உன்யன்யெம்பேக்குப் புதைக்கப் போவதுபோல் நடந்தார்கள். ஊர்க்கண் மறைந்ததும் தட்டையைக் காட்டில் இறைத்துவிட்டு, இரவோடு இரவாக வேறு வழியில் வந்து சேர்ந்துகொண்டார்கள். உண்மையான பொதி மற்றச் சுமைகளோடு சுமையாக ஊரைக் கடந்தது. அதே சுமைகளில்தான் அவருடைய கடைசி நாட்குறிப்புகளும் வந்தன. 1874 பிப்ரவரியில் பகமோயோ கடற்கரையில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்த கையோடு பெரும்பாலோருக்குக் கூலி தந்து அனுப்பிவிட்டார்கள். வெய்ன்ரைட்டின் கப்பல் கட்டணத்தைச் சர்ச் மிஷனரி சொசைட்டி கொடுத்ததால் அவர் ஒருவர் மட்டும் உடலோடு லண்டன் போனார். சூமாவும் சூசியும் அடக்கம் முடிந்த பிறகுதான் இங்கிலாந்து வந்தார்கள். அதுவும் லிவிங்ஸ்டனின் நண்பரான ஜேம்ஸ் யங் தன் செலவில் அழைத்ததால். வாலர் கையெழுத்துகளைப் பதிப்பிக்கும்போது எந்த ஆறு, எந்த ஊர், எந்த நாள் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது, விசுவாசமுள்ள வேலைக்காரர்கள் என்ற அடைமொழியோடு. சமையல் செய்த ஹலிமாவைத் தம்முடைய ஆட்களிலேயே சிறந்தவள் என்று லிவிங்ஸ்டன் எழுதினார், விடுதலை வாங்கித் தந்து சான்சிபாரில் வீடும் தோட்டமும் வாங்கித் தருவேன் என்றும் எழுதினார். அது நிறைவேறுமுன் இறந்துவிட்டார். ஹலிமா எழுதியது என்று ஒரு வரிகூட நமக்கு இல்லை. சிம்பாப்வே எழுத்தாளர் பெட்டினா கப்பா 2019இல் வெளியிட்ட நாவலில் அவளையே கதைசொல்லியாக்கினார். ஆவணம் கைவிட்ட இடத்தில் நாவல்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிளான்டயரிலிருந்து எடின்பரோ போனேன், அங்கே அதிகம் தங்கவில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் அவருடைய கடிதங்களும் குறிப்பேடுகளும் பெரும் தொகுப்பாக இருக்கின்றன. அங்கேயும் லண்டன் மிஷனரி சொசைட்டியின் தாள்களைக் காக்கும் லண்டன் சோயாஸ் நூலகத்திலும் சாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் தனியார் கைகளிலுமாகச் சிதறியவற்றை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் வேலை இருபது ஆண்டாக நடக்கிறது. பிரின்சஸ் தெருப் பூங்காவில், ஸ்காட் நினைவுக் கோபுரத்தின் அருகே நிற்கும் அவருடைய சிலையைச் செய்தவர் அமீலியா ஹில் என்ற பெண் சிற்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அரிய செய்தி என்பதால் சற்று நின்று பார்த்துவிட்டு லண்டன் ரயிலைப் பிடித்தேன்.

வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் நடுக்கூடத்தில் தரையோடு தரையாகக் கறுப்புக் கல். 1874 ஏப்ரல் 18 அன்று இங்கே அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியோடு நடந்த முக்கியஸ்தர்களில் ஸ்டான்லியும் ஜேக்கப் வெய்ன்ரைட்டும் இருந்தார்கள். கல்லின் தொடக்கமே, நிலமும் கடலும் கடந்து விசுவாசமான கைகள் இவரைக் கொண்டுவந்தன என்று சொல்கிறது. அழகான தொடக்கம்தான். ஆனால் அந்தக் கைகளுக்குக் கல்லில் பெயர் இல்லை. சுற்றுலாக் கூட்டம் ஒலிவழிகாட்டியைக் காதில் வைத்துக்கொண்டு கல்லைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நான் விளிம்பு வாசகங்களையும் சுற்றிவந்து படித்தேன். அவர் பிறந்த ஊர், இறந்த ஊர், உழைத்த ஆண்டுகள் எல்லாம் உண்டு.

மரம் அப்படிப் பெயர்களை ஒதுக்கவில்லை. இதயம் புதைத்த அந்த மரம் பட்டுப்போகத் தொடங்கியதால் 1899இல் அதை வெட்டி, எழுத்துள்ள அடிமரத்துண்டை லண்டன் ராயல் புவியியல் சங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே மரத்தின் கட்டையில் செய்த சிலுவை ஒன்று சான்சிபாரில், பழைய அடிமைச் சந்தையின் மேல் கட்டிய பேராலயத்தில் இருக்கிறது. கென்சிங்டனில் சங்கத்தின் கட்டடச் சுவரில் லிவிங்ஸ்டன் சிலையாக நிற்கிறார். அந்த மரத்துண்டின் படத்தை உற்றுப் பார்த்தால் வெய்ன்ரைட் செதுக்கியது தெரியும்: லிவிங்ஸ்டன் பெயர், தேதி, அதன் கீழேயே சுமையாட்களின் தலைவர்களான மனுவா சேரா, சௌபெரே ஆகியோரின் பெயர்கள். ஐரோப்பியர் யாரும் பார்த்துக்கொண்டில்லாத இடத்தில், தாங்களே எழுதியபோது, அவர்கள் தங்கள் பெயரை விட்டுவிடவில்லை. இரண்டு கல்வெட்டுகளில் எது சரியான வரலாறு என்று என்னைக் கேட்டால் மரத்தைத்தான் காட்டுவேன்.

லண்டன் அடக்கத்துக்குப் பிறகு சங்கம், சுமந்து வந்தவர்களுக்கென அறுபது வெள்ளிப் பதக்கங்கள் அடித்தது, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர். அவை சான்சிபார் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள், பலருக்குக் கிடைக்கவே இல்லை. சூமா 1882இல் சான்சிபாரில் காசநோயில் இறந்தார். சூசி 1886இல் டேவிட் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, 1891இல் அதே ஊரில் இறந்தார். வெய்ன்ரைட் 1892இல் உராம்போவில். அவர் தன் கையால் எழுதிய, உடலைச் சுமந்து வந்த பயணத்தின் நாட்குறிப்பு பிளான்டயர் அருங்காட்சியகத்தின் சொத்து. 2019இல் அதன் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் எல்லாரும் படிக்க வைத்தார்கள். 1870களில் அது ஜெர்மன் மொழியில் வந்ததோடு சரி. அவருடைய ஆங்கில மூலத்தை உலகம் படிக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அடுத்து நான் போக வேண்டிய ஊர் நாசிக். சர்ச் மிஷனரி சொசைட்டியின் வில்லியம் சால்டர் பிரைஸ் 1854இல் அங்கே ஷரண்பூரை உருவாக்கினார். பிறகு அவரே அந்தப் பையன்களில் பலரைக் கொண்டு மொம்பாசாவுக்கு அருகே ஃப்ரியர் டவுன் என்ற விடுதலை ஊரை அமைத்தார். ஷரண்பூர் சாலை என்ற பெயர் நாசிக்கில் இன்றும் பேருந்துக்காரர்கள் சொல்லும் பெயர். தேவாலயத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் காட்டுவார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.